நடுவீட்டு மேசை

சில மாதங்களுக்கு முன்பு சிதம்பரத்தில் புதிதாகக் கட்டி முடிக்கப்பட்ட ஓர் இல்லத்தை மந்திரிக்கச் சென்றிருந்தோம். கணவர், மனைவி இருவருமே பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். வாழ்நாளெல்லாம் வாடகை வீட்டில் இருந்து, பிள்ளைகளைக் கரையேற்றிய பின்னர் தங்களுக்கென எழுப்பிய சிறு வீடு அது. வரவேற்பறையின் நடுவே ஒரு பழைய வட்ட மேசை இருந்தது. பர்மாத் தேக்கு, ஒற்றைத் தூண்போன்ற தண்டு, கீழே பூவேலை செய்யப்பட்ட மூன்று பாதங்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவில், பழம்பொருள் விற்கும் கடை ஒன்றில் வாங்கியதாகச் சொன்னார்கள். தீர்த்தப் பாத்திரத்தை அதன்மேல் வைத்தே செபங்களைச் சொல்லி முடித்தோம்.

காபி அருந்தும்போது அந்த அம்மா தயங்கியபடி ஒன்று சொன்னார். மேசையைத் துடைக்கக் குனிந்தபோது பலகையின் அடிப்பக்கத்தில் ஆணியால் கீறிய எழுத்துக்களைக் கண்டாராம். ஏதோ ஒரு குழந்தை மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு அ, ஆ, இ என்று எழுதிப் பழகியிருக்கிறது. ஈ எழுதத் தொடங்கி, பாதியில் விட்டிருக்கிறது. “சாமி, இதை விற்றவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. என்ன கஷ்டத்தில் விற்றார்களோ! அந்தப் பிள்ளை எழுதிப் பழகின மேசையை நாங்கள் நடுவீட்டில் போட்டு அழகு பார்க்கிறோம். வாங்கினது பாவமாகுமா, சாமி?”

“உரிய விலை கொடுத்துத்தானே வாங்கினீர்கள், அம்மா? அதில் பாவம் ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு விடைபெற்றோம். கடலூருக்குத் திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. நாம் சொன்ன பதில் அவசரத்தில் சொன்னது. நாமே அக்கேள்விக்கு அஞ்சியதால் சொன்னது. ஏன் அஞ்சினோம் என்பதைப் பின்னர் கூறுவோம்.

முதலில் மேசையைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். நம் பாட்டனார் காலத்து வீடுகளில் நடுவீடு வெறுமையாகவே இருந்தது. திண்ணை இருந்தது, முற்றம் இருந்தது, வசதியுள்ளோர் வீட்டில் ஊஞ்சல் இருந்தது. அமர்வதற்கு மணையும் பாயும் போதுமாயின. பயன்படுத்தியபின் அவற்றைச் சுருட்டியோ சாய்த்தோ வைத்துவிடுவர். நடுவிடத்தை நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும் மேசை ஐரோப்பியர் வழியாக நமக்கு வந்தது. 1690இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய தேவனாம்பட்டினத்துப் புனித தாவீது கோட்டையும், அதன் அண்டைப் பகுதியான புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அமைத்த இல்லங்களும் நம் பகுதியில் அந்தப் பழக்கத்திற்கு வாயில்களாக இருந்தன எனலாம்.

நாம் ‘டீப்பாய்’ என்று அழைக்கும் சிறு மேசையின் பெயர்க் கதை சுவையானது. தேநீர் வைப்பதால் அப்பெயர் வந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். மூன்று என்று பொருள்படும் இந்திச் சொல்லும், கால் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லும் இணைந்து உருவான சொல்லை ஆங்கிலேயர் தம் நாவுக்கேற்பத் திரித்து, தேநீரோடு தொடர்புபடுத்தினர். அது மீண்டும் நம்மிடமே ‘டீப்பாய்’ ஆகத் திரும்பியது. நம் மொழியில் அதன் நேர்ப்பொருள் ‘முக்காலி’ என்பதே. நம் வீட்டுக்குரிய பொருள் ஒன்று வேற்றார் கைக்குப் போய், வேறு பெயரோடும் வேறு விலையோடும் திரும்பி வரும்போது நாம் அதை அடையாளம் காண்பதில்லை. பழம்பொருள் வாணிகத்தின் கதையும் பெரும்பாலும் இதுவே.

அந்த ஆசிரியர் இல்லத்து மேசை எவ்வழியே வந்திருக்கும்? செட்டிநாட்டு இல்லங்களின் பர்மாத் தேக்கு உலகறிந்தது. வட்டித் தொழில் செய்ய பர்மா சென்ற நகரத்தார், அங்கிருந்து மரத்தைக் கப்பலில் கொணர்ந்து அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினர். 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடனைத் தீர்க்க இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின. அப்பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நகரத்தாரிடம் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. உயிர் தப்பினால் போதும் என்று பலர் ஓடிவந்தனர். 1948இல் பர்மா விடுதலையடைந்த பின்னர் நிலங்கள் அரசுடைமையாயின. சேர்த்தவையெல்லாம் கைநழுவின. எஞ்சிய பெரிய வீடுகளுக்கு வாரிசுகள் பலர். பழுது பார்க்கப் பணமில்லை. இசைந்து வாழ ஒருவருமில்லை. தூணும் கதவும் மேசையும் தனித்தனியே விற்கப்பட்டன.

இதில் யார் யாருக்குத் தீங்கிழைத்தார்? நிலமிழந்த பர்மிய உழவர் ஒருபுறம். உடைமையிழந்து திரும்பிய நகரத்தார் மறுபுறம். அதே சமூகத்தைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் இதே சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்தில்தான் நம் ஆசிரியத் தம்பதியரும் பயின்றனர். வாழ்வில் நமக்கு வந்து சேரும் எப்பொருளின் பழைய கணக்கையும் முழுவதும் தீர்த்துவிட முடியாது. அதற்காகக் கணக்கே பார்க்கவேண்டாம் என்றும் ஆகிவிடாது. நம் கை தொட்ட இடத்திலிருந்தாவது கணக்குப் பார்க்கவேண்டும்.

குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இறையியல் இங்கே துணைக்கு வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ், தமது ‘இறையியல் தொகுப்பு’ நூலில் வாங்குதல், விற்றல் பற்றித் தனியொரு வினாவை ஆராய்கிறார். விற்பவர் குறையை மறைக்கலாகாது என்பதோடு அவர் நிற்கவில்லை. வாங்குபவருக்கும் கடமை உண்டு என்கிறார். தங்கத்தைப் பித்தளை என்று எண்ணி ஒருவர் விற்க வருகிறார். அது தங்கம் என்று அறிந்தே மற்றவர் பித்தளை விலைக்கு வாங்கினால் அது அநீதி. அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது அவர் தீர்ப்பு. பழம்பொருள் சந்தைக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு உண்டோ? பாட்டியின் மேசையைப் பழைய மரத்தின் விலைக்குப் போடுகிறவர் முன்னே, அதன் மதிப்பறிந்தவர் வாய்மூடி நிற்பது திறமை என்று போற்றப்படுகிறது. அக்குவினாஸ் அதைத் திறமை என்று சொல்லமாட்டார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் எழுதிய ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில், கூலியைக் குறித்து இதே நெறியை வேறு வகையில் வலியுறுத்தினார்: வறுமையின் நெருக்கடியில் ஒருவர் தரும் சம்மதம் முழுமையான சம்மதம் ஆகாது. திருக்குறளில் வணிகருக்குரிய அறம் ‘நடுவுநிலைமை’ அதிகாரத்தில் இடம்பெற்றிருப்பதும் நினைக்கத்தக்கது.

கேளாமலே வாங்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோவிலின் சோழர் காலத்து அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவு போய்க் கடல் கடந்தது. 2004இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் அதை விலை கொடுத்து வாங்கியது. கற்றறிந்த வல்லுநர்கள் நிறைந்த நிறுவனம் அது, ஆவணங்களும் காட்டப்பட்டன. அவை பொய்யானவை என்பது பின்னரே தெரிந்தது. 2014 செப்டம்பரில் அச்சிலை நம் நாட்டிடம் திருப்பி அளிக்கப்பட்டது. பிற சமயத்தாரின் வழிபாட்டுப் பொருளாயினும், அடியார்கள் முன்நின்று வேண்டிய ஓர் உருவம் ஓர் இரவில் விலைப்பொருளாவதன் வலியை நாம் உணரவேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகள் கடந்த கலை, வழிபாடு, வழக்காறு சார்ந்த பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது; அவற்றை விற்பனை செய்வோர் உரிமம் பெற்றிருக்கவேண்டும். மேசைதானே என்று நாம் அலட்சியமாக இருக்கிறோம். ஆனால் இன்று வீட்டுக்கு அழகு சேர்க்கும் பெயரால் கோவில் கதவும், தேர்ச் சிற்பமும், ஏன், சிற்றாலயப் பீடப் பலகையும்கூட மேல்கண்ணாடி பொருத்திய சென்டர் டேபிள்களாக மாறிவருகின்றன. இது எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேட்பதில் வாங்குபவருக்கு என்ன செலவு?

இப்போது நம் அச்சத்தின் காரணத்தைக் கூறுகிறோம். இருபது ஆண்டுகளுக்கு முன், குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், பண்ருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் சூழ்ந்த ஒரு சிற்றூரில் பணியாற்றினோம். ஆலயத்தில் திருவுடைகளை எடுத்து வைக்கும் அறையில் ஒரு பெரிய பலாமர மேசை இருந்தது. மஞ்சள் நிறம் முதிர்ந்து செம்பழுப்பாகியிருந்தது. ஓரம் தேய்ந்து, ஒரு கால் சற்று ஆடும். புதிதாக இரும்பு அலமாரி வந்தபோது அது இடத்தை அடைப்பதாகத் தோன்றியது. பழைய சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் வண்டியோடு வந்தார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் தந்தார். அத்தொகையோடு சிறிது சேர்த்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கினோம். நல்ல நிர்வாகி என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டோம்.

அப்போது வெளியூர் சென்றிருந்த முதிய உபதேசியார் இரண்டு நாள் கழித்துத் திரும்பினார். மேசை இருந்த இடத்தில் சிறிது நேரம் நின்றார். “எங்கப்பா நேர்ந்து கொடுத்தது, சாமி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாம் வற்புறுத்திக் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. அவருடைய அக்காள் சிறுமியாயிருந்தபோது நோயுற்றுப் பிழைக்கமாட்டாள் என்று கைவிடப்பட்டாளாம். அவள் எழுந்தால் வீட்டுக்குப் பின்னே நிற்கும் பலாவை ஆலயத்திற்குத் தருவதாகத் தகப்பனார் நேர்ந்துகொண்டார். அவள் எழுந்தாள். குடும்பத்திற்கு ஆண்டுதோறும் வருமானம் தந்த ஒரே மரம் வெட்டப்பட்டு அந்த மேசையாயிற்று. “மக்களுக்கு உட்கார நாற்காலி வேண்டுமல்லவா?” என்று நாம் நியாயம் பேசினோம். “சரிங்க, சாமி” என்றார் அவர். அடுத்த ஞாயிறு அந்த நாற்காலிகளை வரிசையாகப் போட்டவரும் அவரே.

திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1292ஆம் விதியைக் குருமடத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தோம். நேர்ச்சையாகத் திருச்சபைக்கு அளிக்கப்பட்ட பொருளையும், கலையாலோ வரலாற்றாலோ விலைமதிப்புள்ள பொருளையும் திருப்பீடத்தின் அனுமதியின்றி விற்பது செல்லாது என்கிறது அது. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றோம். வாழ்வில் அவ்விதி நம் முன்னே நான்கு கால்களோடு நின்றபோது அதை அடையாளம் காணவில்லை. வியாபாரியைத் தேடிச் சென்றோம். மேசை கைமாறிக் கைமாறி எங்கோ போய்விட்டிருந்தது. தங்கத்தைப் பித்தளை விலைக்கு விற்றவர் நாமே. நமது அறியாமையும் குற்றமற்றதன்று. அந்த மேசையைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்காததால் விளைந்தது அது.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் நம் கடற்கரையைத் தாக்கியபோது உபதேசியார் இறைவனடி சேர்ந்திருந்தார். அந்த ஊருக்குச் சென்று பார்த்தோம். வீணைக்கும் மிருதங்கத்திற்கும் மரம் தந்து புகழ்பெற்ற பலாத் தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மற்றொரு மரத்தால் மற்றொரு மேசை செய்து வைக்கலாம் என்று அதுவரை நம் மனம் சொல்லிவந்த சமாதானமும் அங்கே சாய்ந்தது. அதுமுதல், நாம் பணிபுரியும் ஒவ்வொரு பங்கிலும் ஒரு பலாக்கன்றாவது நட்டு வளர்த்து வருகிறோம். உரியவரைக் கண்டடைய இயலாதபோது, செலுத்தவேண்டிய ஈட்டை அவர் பெயரால் ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பதும் அக்குவினாஸ் கற்பித்ததே. கன்று நடுவது முழு ஈடாகாது என்பதை அறிவோம். ஆயினும் செய்கிறோம்.

ஆகவே அந்த அம்மாவின் கேள்வி பேருந்தில் நமக்குத் தலைகீழாகக் கேட்டது. ‘விற்றவர்கள் என்ன கஷ்டத்தில் விற்றார்களோ’ என்று அவர் இரங்கினார். சிலர் கஷ்டத்தில் விற்கிறார்கள். நம்மைப் போன்ற சிலர் கவனமின்மையால் விற்கிறார்கள். நம் உபதேசியார் வீட்டு மேசையும் இன்று எங்கோ ஓர் இல்லத்தின் நடுவே இருக்கலாம். அதை வாங்கியவரிடம் நாம் என்ன எதிர்பார்ப்போம்? திருப்பிக் கொடுக்கும்படி கேட்கமாட்டோம். அதை எப்படி நடத்தவேண்டும் என்று மட்டும் கேட்போம். இந்த நோக்கில் பார்த்தால், மேசையைத் தெரிந்தெடுப்பதும் இடம் பார்த்துப் போடுவதும் வெறும் அலங்காரக் கலையாக நின்றுவிடுவதில்லை.

வாங்கும்போது மேலே பார்ப்பதோடு குனிந்து அடியையும் பாருங்கள். பழைய வட்டப் பலகை உண்மையில் முழு வட்டமாக இராது. மரம் ரேகைக்குக் குறுக்காகச் சுருங்கும் இயல்புடையது. ஆகவே ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு பக்கம் விட்டம் சற்றே குறையும். நம் ஆசிரியர் கணிதம் கற்பித்தவராதலால் அளந்தே பார்த்தார். கால் அங்குலம் குறைந்திருந்தது. துளையில் நாக்கைச் செருகி மர ஆணியால் இறுக்கிய மூட்டும், கைவாளின் ஒழுங்கற்ற கோடுகளும் முதுமைக்குச் சாட்சிகள். சங்கிலியால் அடித்து, தேயிலைச் சாயம் பூசி, ஊசியால் புழுத் துளையிட்டுப் புதிய மரத்தைப் பழையதாக்கி விற்போரும் உண்டு. வாங்கியபின் இழைப்புளியும் உப்புத்தாளும் கொண்டு சுரண்டிப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். தலைமுறைகளின் கை பட்டு வந்த மெருகை மறுபடி பூச எந்தக் கடையிலும் மருந்தில்லை.

உயரமும் ஒரு சோதனையே. சோபாவுக்கு முன்னே போடும் மேசை பதினாறு முதல் பதினெட்டு அங்குலம் இருந்தால் கை எட்டுவதற்கு வசதி. சோபாவின் நீளத்தில் மூன்றில் இரு பங்கு இருப்பது பார்வைக்கு அளவு. இடையே ஒன்றரை அடி விட்டால் கால் நீட்டவும் நடக்கவும் இயலும். பழைய மேசைகளோ பெரும்பாலும் முப்பது அங்குல உயரம். உடனே காலை அறுத்துவிடச் சொல்கிறோம். நம் வசதிக்கு ஒத்துவராத முதியவர்களையும் இப்படித்தான் நடத்துகிறோமோ என்ற எண்ணம் எழுகிறது. அறுக்க வேண்டாம், சன்னலோரம் எழுதுமேசையாகப் போடலாம், பிள்ளைகள் படிக்கலாம். நடுவிடத்திற்கு ஏற்ற குறுமேசை கிடைக்கும்வரை நடுவீடு வெறுமையாக இருந்தால்தான் என்ன? நம் முன்னோர் வீடுகள் அப்படித்தானே இருந்தன? நேர்வெயிலும், குளிர்சாதனத்தின் நேர்க்காற்றும் படாத இடமாகப் பாருங்கள், மரம் வெடிக்கும். கடலோரத்தின் ஈர உப்புக்காற்றில் மேல்கண்ணாடிக்கு அடியில் ஈரம் தங்கிக் கறை பிடிக்கும். 2015 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட நம் மாவட்டத்தில் பாதங்களுக்குக் கீழே சிறு கட்டைகள் வைப்பதும் நல்லது.

எல்லாவற்றிலும் மேலானது, மேசையைப் பயன்படுத்துவது. “தொடாதே, அது ஆன்டிக்” என்று பிள்ளைகளை விரட்டும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். விலையைச் சொல்லி விருந்தினரை வியக்கவைப்பதற்காக நடுவீட்டில் கிடக்கும் மேசை, அவ்வீட்டாரை ஒன்றுசேர்ப்பதில்லை. அதைச் சுற்றி அமர்ந்து பேசவும், காபி வைக்கவும், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதவும் இடம் தரும் மேசையே தன் பழைய வீட்டின் வேலையைத் தொடர்ந்து செய்கிறது. அதன் கதையில் அறிந்த அளவை ஒரு தாளில் எழுதி அடியில் ஒட்டி வையுங்கள். வீட்டிலுள்ள பழம்பொருளை விற்க எண்ணுவோர், குடும்பத்தில் மூத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டபின் விற்கட்டும். இவ்வறிவுரை முதற்கண் நமக்கே உரியது.

சென்ற மாதம் மீண்டும் அந்த இல்லத்திற்குச் சென்றோம். முன்பு சொன்ன பதில் போதாது என்று கூறி, உபதேசியாரின் மேசையைப் பற்றி அவர்களிடம் சொன்னோம். அந்த அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், கடைக்காரரிடம் கேட்டுப்பார்த்ததாகவும், தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து வந்தது, அந்த வீடு இப்போது இல்லை என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை என்றும் கூறினார். அந்தக் குழந்தையின் நினைவாக, அருகிலுள்ள ஏழைச் சிறுமி ஒருத்தியின் படிப்புச் செலவை ஏற்றிருப்பதாக ஆசிரியர் சொன்னார். அக்குவினாஸைப் பற்றி நாம் அவர்களிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அச்சிறுமி அப்போது அங்கேதான் இருந்தாள். மேசைமேல் சிலேட்டையும் புத்தகத்தையும் பரப்பி வைத்திருந்தாள். காபி டம்ளரை வைக்க இடமில்லாமல் நாம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தோம்.